மோட்டார் படகுக்கு எரிபொருள் அளவி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: தொட்டியில் மிதவை அளவி இருக்கும்போது, எரிபொருள் ஓட்டத்தை அளக்கும் கருவியும் தேவையா?

பதில்: தேவை என்பதே என் உறுதியான கருத்து. மிதவை, தான் நிற்கும் இடத்தின் மட்டத்தை மட்டுமே காட்டுகிறது. படகு முகப்பைத் தூக்கி ஓடும்போது எரிபொருள் பின்பக்கம் சேர்வதாலும், பல படகுகளில் அடிப்பாகத்தின் வடிவத்துக்கேற்பத் தொட்டி கீழே குறுகுவதாலும், முள் பாதியில் நின்றால் பாதி எரிபொருள் மீதம் இருக்கிறது என்று கொள்ள முடியாது. ஓட்ட அளவி எஞ்சினுக்குச் சென்ற லிட்டரைக் கணக்கிடுகிறது. ஆனால் சென்சாருக்கு முன்பே குழாய் கசிந்தால் அதற்குத் தெரியாது. இரண்டும் முரண்பட்டால், மீதியைக் குறைவாகக் காட்டுவதை நம்புங்கள்.

கேள்வி: என் படகில் 150 குதிரைத்திறன் கொண்ட இரண்டு புதிய நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டு (படகின் பின்புறம் வெளியே மாட்டும்) எஞ்சின்கள் உள்ளன. எந்தச் சென்சாரை வாங்கலாம்?

பதில்: தனிச் சென்சார் எதுவும் வேண்டாம். எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர்கள் எவ்வளவு நேரம் திறந்திருக்கின்றன என்பதைக் கொண்டு எஞ்சினின் கணினியே செலவைக் கணக்கிடுகிறது. யமஹாவின் கமாண்ட் லிங்க், மெர்குரியின் ஸ்மார்ட்கிராஃப்ட் போன்ற வலையமைப்புகளிலிருந்து அந்தத் தகவலை படகுக் கருவிகள் தங்களுக்குள் தகவல் பரிமாறும் பொதுத் தரமான என்எம்இஏ 2000 இணைப்புக்கு மாற்றித் தரும் கேட்வே ஒன்று போதும். கார்புரேட்டர் எஞ்சினாக இருந்தால்தான் குழாயில் சிறு சுழலி கொண்ட சென்சாரை, ஒவ்வோர் எஞ்சினுக்கும் ஒன்றாக, பொருத்த வேண்டும்.

கேள்வி: பழைய இன்போர்டு (படகின் உள்ளே பொருத்திய) டீசல் எஞ்சினுக்கும் இதே சென்சார் பொருந்துமா?

பதில்: பொருந்தாது. டீசல் எஞ்சின் இழுக்கும் எரிபொருளில் பெரும்பகுதி எரியாமல் தொட்டிக்குத் திரும்புவதால், செல்லும் குழாயிலும் திரும்பும் குழாயிலும் சென்சார் வைத்து, வித்தியாசத்தைச் செலவாகக் கொள்ள வேண்டும். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. மணிக்கு 100 லிட்டர் சென்று 80 லிட்டர் திரும்புவதாக வைத்துக்கொண்டால், ஒவ்வொரு சென்சாரிலும் 1 சதவீதப் பிழை எதிரெதிர்த் திசையில் அமையும்போது, எரிந்த 20 லிட்டரில் 1.8 லிட்டர், அதாவது 9 சதவீதம், தவறாகிவிடும். போதாததற்கு, திரும்பி வரும் டீசல் சூடேறி விரிந்திருக்கும். எனவே இரண்டு சென்சார்களும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் ஜோடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவையா, வெப்பநிலைத் திருத்தம் உண்டா என்று விற்பவரிடம் கேளுங்கள். இரண்டுக்கும் தெளிவான பதில் கிடைக்காத கருவியை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: அமெரிக்காவின் மயாமியிலிருந்து பஹாமாஸின் பிமினி தீவுக்குச் செல்லத் திட்டமிடுகிறேன். திரையில் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும்?

பதில்: மணிக்கு எத்தனை லிட்டர் என்பதைவிட, ஒரு கடல் மைலுக்கு எத்தனை லிட்டர் என்பதைப் பாருங்கள், ஜிபிஎஸ் வேகத்துடன் சேர்த்து அதைக் கணக்கிடும் கருவியையே வாங்குங்கள். தூரம் ஏறத்தாழ 50 கடல் மைல்தான் என்றாலும், குறுக்கே வடக்கு நோக்கி ஓடும் வளைகுடா நீரோட்டத்தை ஈடுகட்ட முகப்பைத் தெற்கே சாய்த்து ஓட்ட வேண்டியிருக்கும். வடகாற்று அந்த நீரோட்டத்தை எதிர்த்து வீசினால் அலைகள் செங்குத்தாகி வேகம் குறையும். படகு நீர்மேல் எழும்பி ஓடாமல், முகப்பு தூக்கி, பின்புறம் அமிழ்ந்து உழும் அந்த இடைவேகத்தில்தான் ஒரு மைலுக்கான செலவு மிக மோசமாகிறது. எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு திரும்ப, ஒரு பங்கு கையிருப்பு என்ற பழைய விதி இத்தகைய நாளுக்காகவே உள்ளது.

கேள்வி: பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை?

பதில்: சென்சாரை நீர் பிரிக்கும் வடிகட்டிக்குப் பின்னால், அம்புக்குறி ஓட்டத்தின் திசையில் இருக்குமாறு, எஞ்சின் சூட்டிலிருந்து விலக்கிப் பொருத்துங்கள். பெட்ரோல் எஞ்சின் அறைக்குள் வைக்கும் மின்கருவி, ஆவியைப் பற்றவைக்காத வகையில் ஐஎஸ்ஓ 8846 போன்ற தரத்துக்கு உட்பட்டதாக இருப்பது கட்டாயம். பிறகு தொட்டியை நிரப்பி ஓட்டி, மறுபடி நிரப்பும்போது பங்க் ரசீதில் உள்ள லிட்டரைக் கருவி காட்டும் செலவோடு ஒப்பிட்டு, வேறுபாட்டைக் கருவியின் திருத்த எண்ணில் பதியுங்கள். சில லிட்டர் நிரப்பிச் செய்யும் ஒப்பீடு பயன்படாது.