ஹோட்டல் துறையில் சேர விரும்பும் மகளின் தாய்க்கு

மதிப்பிற்குரிய அம்மா,

உங்கள் மகள் சாதாரண நிலைத் (ஓ லெவல்) தேர்வுக்குப் பிறகு பலதுறைத் தொழிற்கல்லூரியில் ஹோட்டல் துறைப் பட்டயப் படிப்பில் சேர விரும்புவதாகவும், அந்தத் துறையில் சம்பளம் குறைவு, உழைப்பு அதிகம் என்று உறவினர்கள் சொல்வதால் உங்களுக்கு உறக்கம் வரவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். உறவினர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. அதை மறைத்து ஆறுதல் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்தச் சம்பளம் எப்படி அமைந்திருக்கிறது, எந்தப் பிரிவில் எவ்வளவு உழைப்பு என்பதையெல்லாம் பிரித்துப் பார்த்த பிறகு முடிவெடுப்பதே பிள்ளைக்கு நாம் செய்யும் நியாயம்.

சிங்கப்பூரில் எல்லாத் தொழில்களுக்கும் பொதுவான குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் கிடையாது. வெளிநாட்டு ஊழியர்களை வைத்திருக்கும் நிறுவனங்கள் முழுநேர உள்ளூர் ஊழியர்களுக்குக் கொடுக்க வேண்டிய சம்பளத்துக்கு ஒரு கீழ்வரம்பு உண்டு; 2024 ஜூலையில் அது 1,600 வெள்ளியாக (சிங்கப்பூர் டாலர்) உயர்த்தப்பட்டது. பட்டயம் பெற்றவர்களுக்கு அதைவிடக் கூடுதலாகவே கிடைக்கும் என்றாலும், விளம்பரத்தில் காணும் தொகையை அப்படியே நம்பிவிடக் கூடாது. ஏனெனில் பல ஹோட்டல்களில் அந்தத் தொகைக்குள் சேவைக் கட்டணத்தின் பங்கும் சேர்ந்திருக்கும். விருந்தினரின் ரசீதில் 10 விழுக்காடாகச் சேர்க்கப்படும் அந்தக் கட்டணத்தை ஊழியர்களுக்குப் பகிர்ந்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்வதில்லை. பகிர்ந்து கொடுக்கும் இடங்களிலும் அறைகள் நிரம்பும் மாதத்தில் அது கூடும், வெறிச்சோடும் மாதத்தில் குறையும்.

சென்ற ஆண்டு ஓர் இளைஞர் தமது நியமனக் கடிதத்தை என்னிடம் கொண்டு வந்தார். மாதம் 2,600 வெள்ளி என்று மகிழ்ச்சியோடு சொன்னார். இரண்டாம் பக்கத்தில், சிறிய எழுத்தில், அடிப்படைச் சம்பளம் 2,000 வெள்ளி என்றும் எஞ்சிய 600 வெள்ளி சேவைக் கட்டணத்தின் உத்தேசத் தொகை என்றும் இருந்தது. மிகைநேர வேலைக்கான ஊதியம் அடிப்படைச் சம்பளத்தை வைத்தே கணக்கிடப்படுகிறது. அடிப்படைச் சம்பளத்தைப் பன்னிரண்டால் பெருக்கி, ஆண்டின் 52 வாரங்களாலும் வாரத்தின் 44 மணி நேரத்தாலும் வகுத்தால் ஒரு மணி நேர ஊதியம் வரும். அதில் ஒன்றரை மடங்குதான் மிகைநேர ஊதியம். அவருக்கு அது மணிக்கு ஏறத்தாழ 15 வெள்ளி 73 காசு. 2,600 வெள்ளி முழுவதும் அடிப்படைச் சம்பளமாக இருந்திருந்தால் 20 வெள்ளி 45 காசு கிடைத்திருக்கும். உங்கள் மகளுக்கு இந்தக் கணக்கை இப்போதே போட்டுக் காட்டுங்கள்.

இன்னொன்றும் உண்டு. வேலை நேரம், மிகைநேரம், வார ஓய்வு பற்றிய சட்டப் பாதுகாப்பு, உடலுழைப்பு வேலை செய்வோரில் 4,500 வெள்ளி வரையிலும், மற்ற ஊழியர்களில் 2,600 வெள்ளி வரையிலும் அடிப்படைச் சம்பளம் பெறுவோருக்கே உரியது. நிர்வாகிகளுக்கும் மேலாளர்களுக்கும் அது பொருந்தாது. வரவேற்புப் பிரிவில் பணிபுரிபவருக்குப் பதவி உயர்ந்து சம்பளம் அந்த வரம்பைத் தாண்டினால், நீண்ட நேரம் வேலை செய்தாலும் மிகைநேர ஊதியத்தைச் சட்டப்படி கோர முடியாது. உயர்வை ஏற்கும் முன் இதைக் கேட்டறியாமல் வருந்தியவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன்.

வேலைச் சூழலைப் பொறுத்தவரை, வரவேற்புக் கூடத்தின் பளபளப்பைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். அறைப் பராமரிப்பில் இருப்பவர் கனமான மெத்தையின் நான்கு மூலைகளையும் தூக்கி விரிப்பைச் செருகி, குளியலறையில் மண்டியிட்டுத் தேய்த்து, முடி ஒன்றுகூட இல்லை என்று உறுதிசெய்துவிட்டு அடுத்த அறைக்குத் தள்ளுவண்டியை நகர்த்த வேண்டும். விருந்தினர் தொடர்ந்து தங்கியிருக்கும் அறையைவிட, அவர் காலி செய்து போன அறைக்கு அதிக நேரம் பிடிக்கும். அறைகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்து வேலையளவை நிர்ணயிக்கும் ஹோட்டலில் அந்த வேறுபாடு ஊழியரின் முதுகில்தான் விழுகிறது. வரவேற்பு மேசையிலோ மணிக்கணக்கில் நிற்க வேண்டும். விடிய விடிய நீளும் பணிமுறையும் உண்டு. நள்ளிரவையொட்டி ரயில் சேவை முடிந்துவிடுவதால், பின்னிரவில் பணி முடிபவர்களுக்கு வாகன ஏற்பாடு இருக்கிறதா என்று நேர்முகத் தேர்விலேயே கேட்க வேண்டும். இதைக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அன்று.

பண்டிகைகளையும் நினைத்துப் பாருங்கள். தீபாவளி பொது விடுமுறை என்பதால் அன்று வேலை செய்தால் கூடுதலாக ஒரு நாள் சம்பளமோ மாற்று விடுப்போ உண்டு. தைப்பூசம் 1968க்குப் பிறகு பொது விடுமுறையாக இல்லை. ஆண்டுதோறும் பால்குடம் எடுக்கும் குடும்பம் என்று எழுதியிருந்தீர்கள்; அந்த நாளுக்காக முன்கூட்டியே விடுப்புக் கேட்கும் பழக்கத்தை உங்கள் மகள் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும் நான் தடுக்கச் சொல்லவில்லை. மனிதர்களிடம் பழகுவதில் மகிழ்ச்சி காண்பவர் என்று மகளைப் பற்றி நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த இயல்பு இல்லாதவரை இந்தத் துறைக்கு அனுப்பவே கூடாது. அறை விலையையும் முன்பதிவையும் கணித்து நிர்வகிக்கும் பிரிவு, நிகழ்ச்சி விற்பனை, மனிதவளம் ஆகியவற்றுக்கு நகர்ந்தவர்களின் சம்பளமும் வேலை நேரமும் பெரும்பாலும் மேம்பட்டிருக்கின்றன. அதற்கு எண்களைக் கையாளும் திறன் தேவை. கணக்கை அவர் கைவிட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேர்வு முடிந்து ஜனவரியில் முடிவுகள் வரும் வரை அவருக்கு நேரம் இருக்கிறது. ஆண்டிறுதியில் ஹோட்டல்களின் விருந்து மண்டபங்களுக்கு மணிநேரக் கூலிக்கு ஆட்கள் தேவைப்படுவார்கள். ஆறு வாரம் அந்த வேலைக்கு அனுப்புங்கள். கறுப்புக் காலணியோடு தட்டுகளைச் சுமந்து, கரண்டிகளைத் துடைத்து, பாதம் வலிக்க வீடு திரும்பும் இரவுகளில் அறிவுரை எதுவும் சொல்லாமல் சாப்பாடு மட்டும் போட்டு வையுங்கள். விண்ணப்பம் போடும் வாரத்தில் அவரையும் அழைத்துக்கொண்டு என்னிடம் வாருங்கள். கையில் அந்த ஆறு வாரச் சம்பளச் சீட்டு இருக்கட்டும். அதை வைத்துக்கொண்டு மூவரும் பேசுவோம்.