வடம் அறுந்தாலும் வண்டி நிற்க வேண்டும்

மலையே இல்லாத வன்னியில் கேபிள் காரைப் பற்றி என்ன கேள்வி என்று தோன்றலாம். கிணற்று வின்ச்சில், அதாவது வடத்தைச் சுற்றி இழுக்கும் பொறியில், ஓடுவதும் அதே கம்பி வடந்தான்.

மாங்குளம் வாசகர்: 2025 செப்டெம்பரில் மெல்சிரிபுர நா உயன மடாலயத்தில் கேபிள் வண்டியின் வடம் அறுந்து குறைந்தது 7 பிக்குகள் இறந்தார்கள். வடம் அறுந்தால் பிறேக் பிடிக்காதா?

எந்தப் பிறேக் என்பதைப் பொறுத்தது. மேலே வின்ச்சில் உள்ள பிறேக் வடத்தைத்தான் பிடிக்கும். வடமே போன பிறகு அதனால் பயனில்லை. ஆளை ஏற்றும் வண்டிக்கு, தண்டவாளத்தையோ, வண்டி தொங்கும் தாங்கு வடத்தையோ கவ்வும் பிறேக் வண்டியிலேயே வேண்டும். அதை ஸ்பிரிங் எந்நேரமும் மூடப் பார்க்கும். இழுவை இருக்கும்வரைதான் திறந்திருக்கும். இழுவை போனதும் தானாகக் கவ்வும்.

இத்தாலியின் மொத்தரோனே மலையில் 2021 மே 23 அன்று இழுவை வடம் அறுந்தபோது, அந்தப் பிறேக் வண்டியில் இருந்தது. கோளாறால் அடிக்கடி தானாகக் கவ்வித் தொல்லை கொடுத்ததால், கவ்வாதபடி இரும்புக் கவையைச் செருகிவிட்டு ஓட்டினார்கள். 14 பேர் இறந்தார்கள். உழவு இயந்திரப் பெட்டியின் பிறேக்கைக் கழற்றிவிட்டு ஓடுபவர்கள் இதை இரண்டு தரம் வாசிக்கலாம்.

போர்த்துக்கல்லின் லிஸ்பனில் 2025 செப்டெம்பர் 3 நடந்தது வேறு வகை, சரிவில் தண்டவாளத்தில் ஓடும் வண்டி. ஒரே வடத்தில் இரண்டு வண்டிகள். ஒன்றின் பாரம் மற்றதைச் சமன் செய்யும். வடம் வண்டியோடு சேரும் இடத்தில் அறுந்தது. பிறேக் போட்டும், மறுபக்கப் பாரம் இல்லாமல் வண்டியை நிறுத்தும் பலம் அதற்கு இருக்கவில்லை. 16 பேர் பலியானார்கள். அன்று காலையிலும் சோதித்திருந்தார்கள். ஆனால் அறுந்த இடம் கழற்றிப் பார்த்தால் மட்டுமே தெரியக்கூடியது.

முல்லைத்தீவு வாசகர்: 12 மில்லிமீற்றர் வடத்தை எப்போது கழிப்பது?

முதலில் முனைகளைப் பாருங்கள். மொத்தரோனேயிலும் வடம் அறுந்தது வண்டியோடு சேரும் முனைக்கு அருகில்தான். முனையில் வடம் திரும்பத் திரும்ப வளையும், தண்ணீர் தேங்கும், கிறீஸ் போய்ச் சேராது. அங்கே ஒரு இழை, அதாவது வடத்தின் ஒரு மெல்லிய கம்பி, அறுந்திருந்தாலே அந்தத் துண்டை வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள்.

பிறகு பழைய கிறீஸைத் துடையுங்கள். கோடையில் அதில் ஒட்டும் செம்மண் தூசி அரம்போல வேலை செய்யும். வேர்ணியர் அளவுகோலால் எதிரெதிர்ப் புரிகளின் (இழைகளை முறுக்கிய கொத்துகளின்) மேடுகளுக்குக் குறுக்கே அளவெடுங்கள். தட்டையான பக்கத்தில் வைத்தால் அளவு குறைத்துக் காட்டும். நார் நடுவுள்ள வடம் சீராக 10 வீதம் மெலிந்து 10.8 ஆனால் கழிவு. இரும்பு நடுவானால் 7.5 வீதமே எல்லை, அதாவது 11.1. கிரேன் வடங்களுக்கான சர்வதேச தரம் ஐ.எஸ்.ஓ 4309 சொல்வது இது.

இழை அறுந்திருக்கிறதா என்று வெறுங்கையால் தடவாதீர்கள், கிழித்துவிடும். பஞ்சை ஓட்டுங்கள், சிக்கும் இடத்தில் இழை அறுந்திருக்கும். புரிகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தில், 72 மில்லிமீற்றர் நீளத்துக்குள் இரண்டு இழை அறுந்திருந்தால் வடத்தின் உட்பகுதி கெட்டுவிட்டது என்று அர்த்தம். கடற்கரைப் பக்கம் கறளும் உள்ளிருந்தே தின்னும். வெளியே மினுங்குவதை நம்ப வேண்டாம்.

நெடுங்கேணி வாசகர்: வடத்தின் முனையை வளையமாக மடித்துக் கட்டும் யூ கிளாம்பை எந்தப் பக்கம் போடுவது?

வளைந்த யூ கம்பி வெட்டுமுனைப் பக்கத்தை அழுத்த வேண்டும்; பாரம் தாங்கும் பக்கத்தில் அடித்துண்டு உட்கார வேண்டும். மாற்றிப் போட்டால் பாரம் தாங்கும் கம்பியையே நசுக்கும். ஒன்றை இப்படியும் அடுத்ததை அப்படியும் போடுவதும் தவறு. 12 மில்லிமீற்றருக்கு குறைந்தது 3 கிளாம்ப், 72 மில்லிமீற்றர் இடைவெளியில். வளையத்துக்குள் திம்பிள், அதாவது வடம் நசுங்காமல் காக்கும் உலோக வளைவு, போடுங்கள். முதல் பாரம் ஏற்றிய பின் வடம் சற்று மெலியும். நட்டுகளை மறுபடி இறுக்காவிட்டால் வழுக்கும்.

வவுனியா வாசகர்: கடையில் 8 தொன் தாங்கும் என்கிறார்கள். கிணற்றில் ஆளை இறக்கலாமா?

8 தொன் என்பது அறும் பாரம். ஆளைத் தூக்க அதில் பத்தில் ஒன்று, 800 கிலோ. கிளாம்ப் கட்டு வடத்தின் பலத்தில் ஐந்தில் ஒன்றை வாங்கிவிடும் என்பதால் 640 என்று வையுங்கள். அதிலும் வாளி, ஆள், சேறு, திடீரென்று இழுபடும் உதறல் எல்லாம் அடங்க வேண்டும். பொருள் தூக்க மட்டும் செய்த வின்ச் என்றால் கணக்கே வேண்டாம், ஆளை இறக்காதீர்கள்.

புதுக்குடியிருப்பு வாசகர்: திருவிழாச் சங்கிலி இராட்டினத்தில் பிள்ளையை ஏற்றுமுன் எதைப் பார்ப்பது?

கதிரை தொங்கும் ஊசியில், அது கழன்று வராமல் தடுக்கும் ஸ்பிளிட் பின் இருக்கிறதா, அதற்குப் பதில் ஆணியோ கட்டுக் கம்பியோ செருகியிருக்கிறதா என்று. ஆணி தெரிந்தால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கச்சான் கடைப் பக்கம் போங்கள்.