சன் டிவி நிகழ்ச்சிகளின் தரம் காலப்போக்கில் குறைந்துவிட்டதா?

குறைந்துவிட்டது என்றே நினைக்கிறேன். ஆனால் நடிகர்களையும் ஒளிப்பதிவாளர்களையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்றைய தொடர்களில் படம் பளிச்சென்று இருக்கிறது, நடிப்பவர்களுக்கும் திறமை இருக்கிறது. முன்பு எழுதியவர்கள், நாம் காதுகொடுத்துக் கேட்போம் என்று நம்பி எழுதினார்கள். அந்த நம்பிக்கைதான் போய்விட்டது. இதை எனக்கு விளங்க வைத்தது எங்கள் வீட்டுத் தறிச்சத்தம்.

கோவை மாவட்டத்தில் சோமனூர் பக்கம் எங்கள் ஊர். வீட்டை ஒட்டியே தறிக்குடோன். விசைத்தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவரிடம் ஒரு வார்த்தை சொல்வதென்றாலும் காதருகே குனிய வேண்டும். நடைவாசலில் தார் (தறிக்கான ஊடை நூல்) சுற்றும் மெஷின், அதன் முன்னே அம்மா. அங்கிருந்து பார்த்தால் உள்ளறையில் இருக்கும் டிவி நேராகத் தெரியும், ஒலி மட்டும் எட்டாது. கூலிக்கு நெய்யும் வீடு எங்களுடையது. தறி நின்றால் அந்த நேரத்துக் கூலியும் நின்றுவிடும். அதனால் ஒரு நிகழ்ச்சிக்காகத் தறியை நிறுத்தலாமா, வேண்டாமா என்பதுதான் எங்கள் வீட்டில் தரத்துக்கு அளவுகோல்.

1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி தொடங்கியது. அதற்கு முன்பு எங்கள் பகுதியில் மொட்டை மாடி ஆன்டெனாவைக் கொடைக்கானல் பக்கம் திருப்பி வைத்துத் தூர்தர்ஷன் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் தெருவுக்கு கேபிள் வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் 'விடாது கருப்பு' வந்தது. இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய மர்மத் தொடர், கே. பாலசந்தரின் நிறுவனம் தயாரித்தது. வாரத்துக்கு ஒரு நாள்தான். அந்த அரைமணி நேரம் அப்பா மெயினையே அணைத்துவிடுவார். இரைச்சல் திடீரென்று அடங்கியதும் காதுக்குள் 'ஞொய்' என்று ஒரு ஒலி கேட்கும், அது அடங்குவதற்குள் திரையில் குதிரைக் குளம்பொலி கேட்கத் தொடங்கிவிடும். தறி ஓட்ட வந்த அண்ணன்கள் இருவரும் நூல் தூசி படிந்த தலையோடு வாசற்படியில் உட்கார்ந்து பார்ப்பார்கள். ஒரு வசனத்தைத் தவறவிட்டாலும் முடிச்சு விளங்காது. அடுத்த வாரம் வரை அதைப் பற்றியே பேச்சு. கருப்பு யார் என்று எங்கள் அப்பத்தா வாரத்துக்கு ஒருவர் பெயரைச் சொல்வார்.

பிறகு தினசரித் தொடர்களின் காலம். 1999-இல் தொடங்கிய 'சித்தி' அந்தப் பழக்கத்தை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. தினமும் ஒளிபரப்பியதால்தான் தரம் கெட்டது என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. திருமுருகன் இயக்கிய 'மெட்டி ஒலி' 2002 முதல் 2005 வரை தினமும் வந்த தொடர்தான். ஐந்து பெண்களைப் பெற்ற அப்பாவின் கதை. அதற்கு அப்பா மெயினை அணைக்கவில்லை. ஆனால் அம்மா தார் மெஷினை நிறுத்திவிட்டு உள்ளே போய் டிவி பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். சீர், மாமியார் வீடு, கடன் என்று அந்த வீட்டில் நடந்த பேச்சு எங்கள் தெருப் பேச்சாகவே இருந்தது. அதைக் கேட்டே ஆக வேண்டும் என்று அம்மாவுக்குத் தோன்றியது.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன். சில மாதங்களுக்கு முன் ஊருக்குப் போயிருந்தபோது, தறி ஓட ஓட, மெஷினை விட்டு எழாமலேயே அம்மா ஒரு தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்த சேனல் என்பது முக்கியமில்லை, இந்த விஷயத்தில் எல்லாம் ஒன்றுதான். மருமகள் ஏதோ சொல்கிறாள். மாமியார் திரும்புகிறார். அதையே இன்னொரு பக்கத்திலிருந்து மறுபடி காட்டுகிறார்கள், மூன்றாவது முறையும் காட்டுகிறார்கள். பிறகு கூடத்தில் நின்ற ஒவ்வொருவர் முகமாக ஒரு சுற்று. "ஒன்றும் கேட்காதே, எப்படி அம்மா பார்க்கிறீர்கள்?" என்று காதருகே குனிந்து கேட்டேன். "கேட்டுத்தான் ஆகணுமா? எல்லாம் தெரியுது" என்றார். கண் திரையில், கை தாரில்.

அம்மாவை நான் குறை சொல்லவே மாட்டேன். காலை ஐந்தரை மணிக்கு எழுந்து இரவு பத்து மணி வரை வேலை செய்கிற பெண் அவர். அவருடைய கண்ணுக்கு மட்டும் கொடுத்துவிட்டு, காதுக்கும் புத்திக்கும் ஒன்றும் கொடுக்காமல் இருக்கிறார்களே என்பதுதான் என் கோபம்.

ஏன் இப்படி ஆனது? டிஆர்பிதான் காரணம் என்று எல்லோரும் சொல்லிவிடுகிறோம். அது எதை அளக்கிறது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 2015-இல் அளக்கத் தொடங்கிய பார்க் (BARC) என்ற அமைப்பு இப்போது நாடு முழுவதும் 50,000-க்கு மேற்பட்ட வீடுகளில் மீட்டர் வைத்திருக்கிறது. பெட்டியில் எந்த சேனல் ஓடுகிறது, வீட்டில் யார் பார்க்கிறார்கள் என்பது அதில் பதிவாகும். பார்ப்பவர் கேட்டாரா, கேட்டதை யோசித்தாரா என்பதை எந்த மீட்டரும் சொல்லாது. தறியை நிறுத்திவிட்டுப் பார்த்தவரும், தறி ஓட ஓடப் பார்த்தவரும் அதற்கு ஒன்றுதான். விளம்பரக் காசு அந்த எண்ணை வைத்துத்தான் வருகிறது. சன் டிவியில் வெகுகாலம் தயாரிப்பாளரே ஒளிபரப்பு நேரத்தை வாங்கி, விளம்பரத்தையும் அவரே பிடிக்கும் முறை இருந்தது. எண் நன்றாக இருக்கும்வரை கதையை முடிக்க யாருக்கு மனம் வரும்? வாரம் ஐந்து நாள் வந்த தொடர்களும் ஆறு நாள் ஆயின. எழுதுகிறவருக்கு மூச்சுவிடவே நேரம் இல்லை.

2012 வாக்கில் எங்கள் பகுதியில் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அப்போது ஒரு வாரம் தொடர்ந்து பார்க்க முடியாமல் போனாலும், திரும்பப் பார்க்கும்போது கதை அதே கல்யாண மண்டபத்தில் நிற்கும்.

எனக்கு இன்னொரு இழப்பும் பெரிதாகத் தெரிகிறது. விசு நடத்திய 'அரட்டை அரங்கம்' வந்த ஞாயிற்றுக்கிழமைகளில், எழுந்து நின்று மைக்கைப் பிடித்தவர்கள் சாதாரண மக்கள். நடுங்கிய குரலில் சொந்த ஊர்ப் பேச்சிலேயே பேசினார்கள். இன்று கொங்குப் பேச்சு தொடர்களில் வருவதே அபூர்வம். வந்தாலும் வாக்கியத்தின் கடைசியில் ஒரு 'ங்க' ஒட்டிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். எங்கள் பேச்சின் மரியாதையும் நெளிவும் அந்த ஓர் எழுத்தில் அடங்கிவிடாது.

நல்லது எதுவும் வரவில்லை என்று சொன்னால் அது பொய். 2022-இல் தொடங்கிய 'எதிர்நீச்சல்', 'கோலங்கள்' எடுத்த அதே திருச்செல்வம் இயக்கியது. அதில் நடிகர் மாரிமுத்து பேசுகிற இடங்களில் அம்மா மெஷினை நிறுத்தினார். பல ஆண்டுகளுக்குப் பிறகு நான் பார்த்த காட்சி அது. வீட்டுப் பெண்களைப் பார்த்து அந்த மனிதர் பேசிய ஒவ்வொரு சொல்லும் அம்மாவுக்குக் கேட்க வேண்டியிருந்தது, அவருக்குப் பழக்கமான சொற்கள் அவை. 2023 செப்டம்பரில் மாரிமுத்து இறந்த செய்தி வந்த அன்று அம்மா இரவு வரை அதிகம் பேசவில்லை. அடுத்த ஆண்டு அந்தத் தொடரும் முடிந்து, பிறகு இரண்டாம் பாகம் வந்தது. அதையும் பார்க்கிறாராம். மெஷினை நிறுத்துகிறீர்களா என்று போனில் கேட்டேன். "இல்லை, தார் நிறையக் கிடக்கிறது" என்றார்.