777 போட்டும் திறக்காத பக்கம்

கேள்வி: கல்லூரியின் பொது லினக்ஸ் சர்வரில், என் ஹோம் டைரக்டரிக்குள் ‘பப்ளிக்_எச்டிஎம்எல்’ ஃபோல்டரில் வலைப்பக்கம் வைத்திருக்கிறேன். ‘403 ஃபர்பிடன்’ (அனுமதி இல்லை) என்றே வருகிறது. சீனியர் அண்ணன் சொல்லி அந்த ஃபோல்டருக்கு 777 (எல்லோருக்கும் எல்லா அனுமதியும்) போட்டேன். அப்போதும் திறக்கவில்லையே?
– மாணவி ஒருவர், திருமங்கலம்

பதில்: தெருக்கதவைப் பூட்டிவிட்டுக் கூடத்தைத் திறந்து போட்டிருக்கிறீர்கள். வலைப்பக்கங்களை அனுப்பித் தரும் மென்பொருளான அப்பாச்சி, உங்கள் கணக்கில் ஓடுவதில்லை. உங்கள் ஃபைல்களுக்கு அது வேற்றாள். அதனால் அனுமதி எண்ணில் உரிமையாளர், குழு, மற்றவர் என்ற மூன்று இலக்கங்களில் கடைசி இலக்கம்தான் அதற்குப் பொருந்தும். உபுண்டு லினக்ஸ் 21.04 முதல் புதுக் கணக்குகளின் ஹோம் டைரக்டரி 750 ஆகவே உருவாகிறது. அந்தக் கடைசி 0, அப்பாச்சியை வாசலிலேயே நிறுத்திவிடும். உள்ளே எதற்கு எந்த எண் கொடுத்தாலும் பலனில்லை.

ஃபைலுக்கு 4 படிக்க, 2 எழுத, 1 இயக்க; வேண்டியவற்றைக் கூட்டினால் ஓர் இலக்கம். டைரக்டரிக்கு அர்த்தம் வேறு: 4 பட்டியல் பார்க்க, 2 சேர்க்கவும் அழிக்கவும், 1 கடந்து போக. ஹோமில் அப்பாச்சிக்குக் கடக்கும் உரிமை போதும். ஆகவே அனுமதி மாற்றும் கட்டளை ‘சிஎச்மாட் 711 ~’ (~ என்றால் உங்கள் ஹோம்). பப்ளிக்_எச்டிஎம்எல்லுக்கு 755, பக்கங்களுக்கும் படங்களுக்கும் 644.

711 கொடுத்தபின், பெயர் தெரிந்தால் ஹோமில் உள்ள 644 ஃபைலை அதே சர்வரில் கணக்குள்ள எவரும் படிக்கலாம். சொந்தக் குறிப்புகளுக்கு 600 வையுங்கள். 777-ஐ இன்றே எடுத்துவிடுங்கள். வெளிக்கதவு திறந்ததும் உங்கள் பக்கத்தை அழித்து வேறொன்றை வைக்க சர்வரில் கணக்குள்ள யாராலும் முடியும். ஹோம் முழுக்க ‘-ஆர் 755’ என்று ஒரே வீச்சில் மாற்றவும் வேண்டாம். தொலைவிலிருந்து சர்வர்களுக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சின் தனிச்சாவி ஊருக்கே திறந்துவிடும். அப்புறம் எஸ்எஸ்எச்சே அந்தச் சாவியை ஏற்காது.

இன்னும் 403 வந்தால் ‘நேம்ஐ -எல்’ என்று அடித்து, ஃபைலின் முழுப் பாதையைக் கொடுங்கள். வழியிலுள்ள ஒவ்வொரு டைரக்டரியின் அனுமதியும் வரிசையாக வரும். எங்கே அடைபட்டிருக்கிறது என்பது தெரிந்துவிடும். எல்லாம் சரியாக இருந்தும் வந்தால், சர்வர் ரெட்ஹேட் வகையா என்று பாருங்கள். அதில் எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் காவல் தனியாகத் தடுக்கும். அதை அட்மின்தான் திறக்க முடியும்.

கேள்வி: என் ஃபோல்டர் முகவரியை அடித்தால் எல்லா ஃபைல் பெயரும் பட்டியலாகத் தெரிகிறதே?
– வாசகர், மேலூர்

பதில்: ஃபோல்டர் முகவரிக்கு முதலில் காட்டப்படும் இன்டெக்ஸ் ஃபைல் இல்லை, அல்லது அதன் பெயரில் பெரிய எழுத்து கலந்திருக்கிறது. பெரிய எழுத்திலும் சிறிய எழுத்திலும் எழுதினால் லினக்ஸுக்கு இரண்டும் வேறு வேறு பெயர். பட்டியலே வேண்டாமென்றால் அந்த ஃபோல்டருக்கு 711. நேரடி இணைப்புகள் வழக்கம்போல் திறக்கும்.