முதலில் தனுஷ்கோடி இருக்கிறதா என்று பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்

பழைய ரயில் புத்தகங்கள், டைம்டேபிள்கள், வரைபடங்கள் மட்டுமே விற்கும் சிறு கடையைத் திருச்சியில் நடத்துபவர் இந்த இதழில் பதில் சொல்கிறார்.

ரயிலுக்கென்றே ஒரு புத்தகக் கடையா? வாடகையாவது தேறுகிறதா?
– வாசகர், விருதுநகர்

தேறுகிறது. ஆனால் நீங்கள் நினைக்கிற புத்தகங்களால் அல்ல. கண்ணாடி அலமாரியில் இருக்கும் கனமான படப் புத்தகங்களை வருகிறவர் எல்லோரும் எடுத்துப் புரட்டுவார்கள், பின்னட்டையில் விலையைப் பார்ப்பார்கள், ரொம்ப மரியாதையாகத் திரும்ப வைப்பார்கள். நீராவி இன்ஜின் வரலாற்றைத் தேடி வாங்குகிற ஆட்கள் உண்டு. அவர்களை எப்போதாவதுதான் பார்க்க முடியும். வாடகை கட்டுவது கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் அட்டைப்பெட்டி. அதில் இருப்பது பழைய டைம்டேபிள்கள்.

வருகிறவர்களுக்கு இன்ஜினைவிடத் தங்கள் ஊர் வண்டிதான் முக்கியம். “தரங்கம்பாடிக்கு ரயில் போன வருஷத்துப் புத்தகம் இருக்கா?” என்று கேட்பார்கள். மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்குப் போன அந்த மீட்டர் கேஜ் பாதையை (தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர் அகலம்) 1986-ல் மூடிவிட்டார்கள். பொறையாறு எத்தனை மணி என்று விரலை வைத்துப் பார்த்துவிட்டு, விலையைக்கூடக் கேட்காமல் பணத்தை நீட்டியவர்கள் இருக்கிறார்கள். ரயில் புத்தகக் கடை வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அரிய புத்தகம் என்று எதிலும் மொத்தப் பணத்தையும் முடக்காதீர்கள். கிளைப் பாதைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ரயில்வேயில் வேலை பார்த்த என் மாமனார் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய டைம்டேபிள் விட்டுப் போயிருக்கிறார். பலவற்றுக்கு அட்டையே இல்லை. பேப்பர்காரர் கிலோ கணக்கில் கேட்கிறார். இவற்றுக்கு மதிப்பு உண்டா? எந்த வருஷம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, மானாமதுரை

பேப்பர்காரரை அடுத்த மாதம் வரச் சொல்லுங்கள் அம்மா. அதற்குள் நீங்களே பாதி வேலையை முடித்துவிடலாம்.

உங்கள் ஊர் ஜங்ஷன் என்பதால் அந்தப் பக்கத்திலிருந்தே தொடங்குங்கள். மானாமதுரையிலிருந்து இராமேஸ்வரம் போகும் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். முதலில் தனுஷ்கோடி இருக்கிறதா? இருந்தால் அது 1964 டிசம்பர் புயலுக்கு முந்தைய புத்தகம். அந்தப் புயலில் போன பாதையைப் பிறகு போடவே இல்லை. தனுஷ்கோடிக்குக் கீழே தலைமன்னார் கப்பல் நேரமும், அங்கிருந்து கொழும்பு போகும் வண்டியும் அச்சாகியிருந்தால் அந்தப் பக்கத்தை யாருக்கும் கிழித்துக் கொடுத்துவிடாதீர்கள். அந்தக் கப்பலுக்கு ஆள் கொண்டுபோன போட் மெயில் வண்டியின் பக்கத்துக்காகவே முழுப் புத்தகத்தையும் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது கட்டணப் பக்கம். அணாவில் போட்டிருந்தால் 1957 ஏப்ரலுக்கு முன்னால் அச்சானது. அதற்குப் பிறகுதான் நூறு பைசாக் கணக்கு வந்தது. ‘மூன்றாம் வகுப்பு’ இருந்தால் 1974-க்குப் பிந்தியது அல்ல. எங்காவது ‘சவுத் இந்தியன் ரயில்வே’ என்று பெயர் தெரிந்தால் இன்னும் பழசு. அந்தக் கம்பெனிப் பெயர் போய் ‘சதர்ன் ரயில்வே’ வந்தது 1951 ஏப்ரல் 14-ல். வைகை எக்ஸ்பிரஸ் இருந்தால் 1977 ஆகஸ்டுக்கு அப்புறம். வண்டி எண்ணில் ஐந்து இலக்கம் இருந்தால் 2010 கடைசிக்கு அப்புறம் வந்த புத்தகம். அதைப் பேப்பர்காரரிடமே கொடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

இன்னொன்று. ‘வொர்க்கிங் டைம்டேபிள்’ என்று போட்டவை இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள். அவை பயணிகளுக்கு விற்றவை அல்ல, ஊழியர்களுக்கு மட்டும் கொடுத்தவை. எந்த ஸ்டேஷனில் எதிர் வண்டியோடு கிராசிங், எந்த வளைவில் எவ்வளவு வேகம் என்பதெல்லாம் அதில் இருக்கும். விலை அதற்குத்தான் கூடுதல். மாமனார் பென்சிலில் ஏதாவது எழுதியிருந்தால் தயவுசெய்து அழிக்காதீர்கள். என்னிடம் வந்த ஒன்றில் ரயில் கார்டு ஒருவர், வண்டி நிற்கிற ஸ்டேஷன்களுக்கு நேராகப் பொடி எழுத்தில் குறித்து வைத்திருந்தார்: ‘டீ நல்லது’, ‘வடை மட்டும்’, ஒரு இடத்தில் ‘இறங்காதே’. அந்தப் புத்தகத்தை விற்க எனக்கு மனசு வரவில்லை. வியாபாரிக்கு நல்ல குணம் இல்லை இது.

பழைய டைம்டேபிள்களை ஸ்கேன் செய்து வாட்ஸ்அப் குழுக்களில் சும்மாவே போடுகிறார்களே, உங்கள் பிழைப்பு என்னாவது?
– வாசகர், சேலம்

ஒன்றும் ஆகாது. போனில் பார்த்தவர்தான் “காகிதத்தில் இருக்கா?” என்று கடைக்கு வருகிறார். அரசு வெளியீட்டுக்குக் காப்புரிமை வெளியான ஆண்டிலிருந்து 60 வருஷம்தான். தனுஷ்கோடி காலத்து டைம்டேபிளை யார் ஸ்கேன் செய்தாலும் சந்தோஷம். ஆனால் உயிரோடு இருக்கிற எழுத்தாளர், கைக்காசு போட்டு அச்சடித்த புத்தகத்தை முழுசாக ஸ்கேன் செய்து அனுப்புவது வேறு விஷயம். அதைத் திருட்டு என்று சொல்ல எனக்குத் தயக்கம் கிடையாது. அப்படிச் செய்தவர் கடைக்கு வந்தால் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத் திட்டுவேன்.

எலி, பூச்சி, ஈரம்... எப்படிச் சமாளிக்கிறீர்கள்?
– வாசகி, நாகர்கோவில்

துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்னை முதலில் எடுத்துவிடுங்கள். காகிதத்தைத் தின்பதில் அது பூச்சிக்குச் சளைத்ததல்ல. செல்லோடேப் ஒட்டவே கூடாது. லேமினேஷனும் வேண்டாம். அலமாரியைச் சுவரை ஒட்டிப் போடாமல் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். அவ்வளவுதான்.

என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. ஸ்டேஷனுக்குப் போனால் இன்ஜின் நம்பர்களை நோட்டில் எழுதிக்கொண்டே இருக்கிறான். கண்டிக்கலாமா? இல்லை, ஏதாவது புத்தகம் வாங்கிக் கொடுக்கலாமா?
– ஒரு தாய், ஈரோடு

கண்டிக்காதீர்கள். இங்கிலாந்தில் 1942-ல் இயன் ஆலன் என்ற இளைஞர் ரயில்வே ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தார். இன்ஜின்களைப் பற்றி ஜனங்கள் எழுதிக் கேட்டுக்கொண்டே இருந்ததால், நம்பர்களை எல்லாம் தொகுத்துத் தாமே ஒரு சின்னப் புத்தகம் போட்டார். அதிலிருந்து பெரிய பதிப்பகமே வளர்ந்தது. உங்கள் பையன் எழுதுவதும் அதே நோட்டுதான்.

புத்தகம் வாங்கும் முன் எழுத்துகளைச் சொல்லிக் கொடுங்கள். WAP-7 என்று அவன் எழுதியிருப்பான். டபிள்யூ என்றால் அகலப் பாதை, ஏ என்றால் ஏசி, அதாவது மாறுதிசை மின்சாரம், பி என்றால் பயணிகள் வண்டி, ஏழு என்பது மாடல். டீசல் என்றால் ஏ இருக்கும் இடத்தில் டி வரும். பழைய படங்களில் ஒய் என்று தொடங்கினால் மீட்டர் கேஜ். இன்ஜின் பக்கவாட்டில் அதைப் பராமரிப்பது எந்த ஊர் ஷெட் என்றும் எழுதியிருக்கும். நீங்கள் ஈரோட்டிலேயே இருக்கிறீர்கள், உங்கள் ஊர் ஷெட் பெயரை டெல்லி போகிற வண்டியிலும் பார்க்கலாம். நோட்டில் நம்பருக்குப் பக்கத்தில் தேதியும் ஸ்டேஷனும் எழுதச் சொல்லுங்கள். அது இல்லாத பட்டியலை நான்கூட வாங்க மாட்டேன்.

ரயில் பொம்மையும் விற்கலாமே?
– வாசகர், மதுரை

அச்சடித்த புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, பொம்மைக்கு உண்டு. இரண்டு கணக்கு எழுத எனக்குப் பொறுமை இல்லை. அப்புறம், பொம்மை கேட்டு வருகிற குழந்தைகள் டைம்டேபிள் பெட்டியில் கை வைப்பார்கள்.