வரலாற்று நூலைப் பரிந்துரைக்கும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: வரலாறு படிக்க விரும்பும் நண்பர்களுக்கு நீண்ட நூற்பட்டியலையும் என்னிடமுள்ள பிடிஎஃப் கோப்புகளையும் அனுப்புகிறேன். பலர் படிப்பதே இல்லை. படித்த சிலரோ நூல்கள் ஒன்றுக்கொன்று முரண்படுவதாகச் சொல்கிறார்கள். எப்படிப் பரிந்துரைப்பது?

பதில்: பட்டியல் அனுப்புவதை நிறுத்திவிட்டு, நண்பர் எதை அறிய விரும்புகிறார் என்று முதலில் கேளுங்கள். 'ரோம் பற்றி' என்று பொதுவாகச் சொல்பவருக்கு எதைக் கொடுத்தாலும் பாதியில் நின்றுவிடும். ரோமானியக் குடியரசு ஏன் வீழ்ந்தது என்று கேட்பவருக்கு ஒரே நூல் போதும்.

முரண்பாடுகளில் கணிசமானவை நூல்கள் எழுதப்பட்ட காலத்தால் வருபவை. கிரீட் தீவிலும் கிரேக்க நிலப்பகுதியிலும் கிடைத்த லீனியர் பி என்னும் பண்டைய எழுத்துகள் கிரேக்க மொழியின் பழைய வடிவத்தைக் குறிக்கின்றன என்பதை மைக்கேல் வென்ட்ரிஸ் 1952இல் கண்டறியும் வரை, அவை வேறொரு மொழிக்குரியவை என்றே அறிஞர் பலர் கருதினர்; ஆகவே அதற்கு முந்தைய நூலையும் பிந்தைய நூலையும் அருகருகே படிப்பவர் குழம்பத்தான் செய்வார். சோவியத் வரலாற்றிலும் இதே நிலைதான்: 1991ஐ ஒட்டி ஆவணக் காப்பகங்கள் பெருமளவு திறக்கப்பட்ட பின், அதற்கு முன் ஊகமாக எழுதப்பட்ட பலவற்றைச் சான்றுகளோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. எனவே பரிந்துரையோடு முதற்பதிப்பு ஆண்டையும் குறிப்பிடுங்கள். அட்டையிலும் விற்பனைத் தளங்களிலும் காணும் ஆண்டு பெரும்பாலும் மறுபதிப்பின் ஆண்டு என்பதால், உள்ளே பதிப்புரிமைப் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பது நல்லது.

பழைய நூல்களை ஒதுக்கச் சொல்லவில்லை. 1776 முதல் 1788 வரை வெளிவந்த, ஆங்கிலேய வரலாற்றாசிரியர் எட்வர்ட் கிப்பனின் ரோமப் பேரரசு வரலாற்றை அதன் நடைக்காகவும், பதினெட்டாம் நூற்றாண்டு அறிஞர் ஒருவர் மதத்தையும் அரசையும் எவ்வாறு நோக்கினார் என்பதற்காகவும் இன்றும் பரிந்துரைப்பேன். தொடக்க நூலாக மட்டும் தரமாட்டேன். அடிக்குறிப்பும் சான்றுப் பட்டியலும் இல்லாத நூல் எவ்வளவு சுவையாக இருந்தாலும், அதைச் சரிபார்க்க வழியில்லை என்று சொல்லியே கொடுங்கள்.

கோப்புகளைப் பொறுத்தவரை, பதிப்புரிமை உள்ள நூலின் கோப்பை அனுமதியின்றிப் பகிர்வது பொதுவாகச் சட்டமீறலாகும். ஆசிரியர் மறைவுக்குப் பின் அவ்வுரிமை பொதுவாக இந்தியாவில் 60 ஆண்டுகளும் ஐரோப்பிய ஒன்றியத்தில் 70 ஆண்டுகளும் நீடிக்கிறது. மூலம் பொதுவுடைமையாக இருந்தாலும் மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் யாருக்கும் சொந்தமல்லர், ஆனால் அவரது நூலுக்கு அண்மையில் வந்த மொழிபெயர்ப்பு அப்படியன்று. உரிமை முடிந்த நூல்களுக்கு புராஜெக்ட் குட்டன்பர்க், விக்கிமூலம் ஆகிய இலவச இணைய நூலகங்களின் இணைப்பை அனுப்புங்கள். மற்றவற்றுக்கு நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பாண்டு, முதலில் படிக்க வேண்டிய இயல் ஆகிய நான்கையும் எழுதி அனுப்பினால், நண்பர் நூலகத்திலேயே தேடிக்கொள்வார்.