தாத்தா கடையின் முகப்பு உதிர்கிறது, நகராண்மைக் கழகம் பணம் தருமா?

வாசகி ஒருவரின் கேள்வி: எங்கள் ஊர் மலேசியாவின் கெடா மாநிலத்தில், சுங்கைப்பட்டாணியிலிருந்து அரை மணி நேர ஓட்டத்தில் இருக்கும் தோட்டப்புற நகரம். பெரிய சாலையில் தாத்தா வாங்கிய மாடிக் கடை ஒன்று இருக்கிறது. போருக்கு முன் கட்டியது. தோட்டங்களில் சம்பளம் போட்ட மறுநாள் கடை முன்னால் கூரையோடு ஓடும் நடைபாதையான அஞ்சடியில் நிற்க இடம் இருக்காது என்று அப்பா சொல்வார். போன மழையில் முகப்பின் உச்சியிலிருந்த பூவேலைச் சாந்து ஒரு முழ நீளத்துக்குப் பெயர்ந்து விழுந்துவிட்டது. ஏஜெண்டு ஒருவர் வந்து, கைப்பேசியில் பினாங்கில் பழுது பார்த்த கடைகளின் படங்களைக் காட்டி, "இது ஹெரிடேஜ் கட்டடம், நகராண்மைக் கழகத்தில் மானியம் இருக்கிறது, ஃபைலை நகர்த்த மூவாயிரம் வெள்ளி கொடுங்கள்" என்கிறார். பக்கத்துக் கடை அங்கிளோ, "ஹெரிடேஜ் என்று வாயைத் திறந்தால் கவர்மெண்டு எடுத்துக்கொள்ளும், பேசாமல் சிமெண்டு பூசிவிடு" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

இருவர் சொல்வதையும் கேட்காதீர்கள் அம்மா. மூவாயிரத்தைக் கொடுக்க வேண்டாம், சிமெண்டும் பூச வேண்டாம். மிச்சத்தைப் படிக்க நேரமில்லை என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம், பாதகமில்லை.

நான் ஓர் ஊராட்சி மன்றத்தின் கட்டடப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்கள் ஊரின் பெயரை வேண்டுமென்றே எடுத்துவிட்டேன். அந்த ஏஜெண்டுக்கும் தமிழ் படிக்கத் தெரிந்திருக்கலாம்.

முதலில் பணம். உங்கள் நகராண்மைக் கழகம் தனியார் கடையின் முகப்பைப் பழுது பார்த்துத் தராது. அதற்குச் சொந்தமானதை மட்டுமே அது பராமரிக்கும். சுங்கைப்பட்டாணியில் 1936-இல் லிம் லியான் தெங் கட்டிக் கொடுத்த மணிக்கூண்டு இருக்கிறதே, அது ஊர்ச் சொத்து. அதற்கு வர்ணம் அடிக்கலாம், விளக்குப் போடலாம். உங்கள் கடையின் கிரண்டில், அதாவது நில உரிமைப் பத்திரத்தில், இருப்பது தாத்தாவின் பெயர் அல்லது அவர் வாரிசுகளின் பெயர். ஆகவே ஓடு மாற்றுவது உங்கள் செலவு.

அப்படியானால் ஏஜெண்டு கைப்பேசியில் காட்டும் பினாங்குப் படங்கள்? அவை பொய்யாக இருக்க வேண்டியதில்லை. பினாங்கின் ஜார்ஜ் டவுன் 2008 ஜூலையில் மலாக்காவுடன் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. அடுத்த ஆண்டே திங்க் சிட்டி என்ற அமைப்பு 2 கோடி வெள்ளி நிதியோடு அங்கே மானியத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. பழைய கடைவீடுகள் பல அதில் பிழைத்தன. அது அந்த நகரத்துக்காக வந்த பணம். தோட்டங்கள் சூழ்ந்த உங்கள் ஊருக்கு யுனெஸ்கோ வரப்போவதில்லை, அந்தப் படத்தைக் காட்டி இங்கே காசு கேட்பதற்குப் பெயர் வேறு.

நாட்டளவில் ஒரு சட்டம் இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டம், 645-ஆவது சட்டம் என்பார்கள். 2006 மார்ச் முதல் தேதி அமலுக்கு வந்தது. அதன்படி பாரம்பரிய ஆணையர் ஒரு கட்டடத்தைப் பாரம்பரியத் தலமாகப் பதிவு செய்தால், அதன் உரிமையாளருக்குப் பழுது பார்க்க மானியமோ கடனோ தர வழி உண்டு. பதிவு ஆகியிருந்தால்தான் இந்தப் பேச்சே. உங்கள் கடை பதிவாகியிருந்தால் கடிதம் வீடு தேடி வந்திருக்கும், ஏஜெண்டு வந்து சொல்ல வேண்டியதில்லை.

பக்கத்துக் கடை அங்கிளின் பயத்துக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. பதிவாவதால் கிரண்ட் கைமாறாது. கடை உங்களுடையதுதான், வாடகை உங்களுடையதுதான். ஆணையரின் எழுத்து அனுமதி இல்லாமல் உடைக்கவோ உருவம் மாற்றவோ முடியாது, விற்பதற்கு முன் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆனால் இந்தப் பயம் ஊர் முழுக்கப் பரவியிருப்பதால் யாரும் வாயைத் திறப்பதில்லை. வாயைத் திறக்காததால் எதுவும் பதிவாவதில்லை. பதிவாகாததற்கு என்ன நடக்கும் என்று உங்கள் வட்டாரத்துக்கே தெரியும். 2013-இல், பூஜாங் பள்ளத்தாக்கில், சுங்கை பத்து தோட்டத்து நிலத்தில் இருந்த 11-ஆம் எண் சண்டி, அதாவது பழங்காலக் கோயிலின் எச்சம், புல்டோசரில் போனது. ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழையது. தனியார் நிலம், கெஜட் ஆகவில்லை என்றார்கள். விஷயம் வெளியே வந்தபோது அங்கே இருந்தது மண்தான். கோலாலம்பூரில் 1929-இல் கட்டிய போக் ஹவுஸ் மாளிகை 2006 டிசம்பரில் இடிக்கப்பட்டது, புதிய சட்டத்துக்கு ஒன்பது மாதம் ஆகியிருந்த வேளையில். தலைநகரில் பெரிய சாலையோரம் நின்ற மாளிகைக்கே அந்தக் கதி என்றால் தோட்டப்புறத்துக் கடைவீட்டை யார் கண்டுகொள்ளப் போகிறார்கள்? உண்மையைச் சொன்னால், இப்படிப்பட்ட கடை வரிசைகள் பல இத்தனை நாள் நின்றது பாரம்பரியச் சட்டத்தால் அல்ல. 1948-க்கு முன் கட்டியவற்றுக்கு வாடகைக் கட்டுப்பாடு இருந்தது. இடித்துக் கட்டினாலும் இலாபம் இல்லை என்று உரிமையாளர்கள் சும்மா இருந்தார்கள். 2000-ஆம் ஆண்டு பிறந்ததும் அந்தக் கட்டுப்பாடு போனது, அப்புறம் உடைக்கும் சத்தம் கேட்கத் தொடங்கியது.

சரி, நகராண்மைக் கழகம் எதற்குத்தான் உதவும்? காகிதத்துக்கு. சிரிக்காதீர்கள், அந்தக் காகிதம் பணத்தைவிடப் பெரியது.

எதைச் செய்தாலும் அனுமதி வேண்டுமா என்று எல்லோரும் கேட்பார்கள். இங்கே ஒரு விதிவிலக்கு இருக்கிறது, இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பாதிப் பேர் மாட்டிக்கொள்வது இதில்தான். நகர், கிராமத் திட்டமிடல் சட்டம், 172-ஆவது சட்டம், கட்டடத்தின் உட்பகுதியை மட்டும் பாதிக்கும் பழுது வேலைக்குத் திட்ட அனுமதி தேவையில்லை என்கிறது. "உள்ளே" என்ற சொல்லை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். உள்சுவருக்கு வெள்ளையடிப்பது உள்ளே. அலமாரி மாற்றுவது உள்ளே. அஞ்சடி உள்ளே அல்ல, கூரை இருந்தாலும் அது வெளிதான், அங்கே இருக்கும் பழைய பூ ஓட்டைப் பெயர்த்துப் பளபள டைல் பதித்தால் வெளித்தோற்றம் மாறுகிறது. கடை நடுவே வெளிச்சத்துக்காக விட்டிருக்கும் திறந்த முற்றம்? சுவருக்குள்தான் இருக்கிறது, ஆனால் அதை மூடித் தளம் போட்டால் பரப்பளவு கூடிவிடும், விதிவிலக்கு போயிற்று. சாக்கடைக் குழாயை இடம் மாற்றினாலும் போயிற்று. மேல்மாடி சன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்து, கூட்டை எடுத்து விற்பதற்காக வாலிட் குருவி வளர்க்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால், அது பயன்பாட்டையே மாற்றுவது, விதிவிலக்கின் வாசலுக்கே வர முடியாது. போதாததற்கு, குருவிக்காக நாள் முழுக்க ஈரம் தெளித்து மரச்சட்டம் இற்றுப்போன கடைகளை நம் ஊர்களில் எத்தனை பார்த்திருக்கிறேன்! உங்களுடைய முகப்பு வேலை நிச்சயமாக வெளியே. ஆகவே நீங்களே நகராண்மைக் கழகத்தில் கட்டட விண்ணப்பங்களை வாங்கும் ஓஎஸ்சி கவுண்டருக்குப் போங்கள். நான்கு புகைப்படம், கிரண்டின் நகல், மதிப்பீட்டு வரி கட்டிய ரசீது. "இருந்தது போலவே பழுது பார்க்கிறேன், என்ன பாரம்?" என்று கேளுங்கள். வரைபடம் வேண்டும் என்றால் பதிவு பெற்ற வரைவாளரிடம் போனால் போதும், சின்னக் கடைக்குப் பெரிய ஆர்க்கிடெக்ட் தேவைப்படாது. கட்டணம் எதுவானாலும் கவுண்டரில் கட்டி அதிகாரப்பூர்வ ரசீது வாங்குங்கள். ரசீது வராத காசுக்கு நம் ஊரில் கோப்பிக் காசு என்று பெயர், அதை வாங்குபவர்போல் கொடுப்பவரும் குற்றவாளிதான்.

இன்னொரு பொறியும் இருக்கிறது. சாந்து விழுந்த செய்தி பரவினால், கட்டடம் ஆபத்தானது என்று நகராண்மைக் கழகம் நோட்டீஸ் அனுப்பலாம். சாலை, வடிகால், கட்டடச் சட்டம் அந்த அதிகாரத்தைத் தருகிறது. நோட்டீஸில் சரிசெய்யவும் வழி இருக்கும், உடைக்கவும் வழி இருக்கும். நிலத்தின் மேல் கண் வைத்திருப்பவர் உங்களுக்கு மலாயிலிருந்து மொழிபெயர்த்துச் சொல்லும்போது உடைப்பதை மட்டும் படித்துக் காட்டுவார். நான் வேலை பார்த்த இடத்தில் வயதான ஒருவர் அப்படித்தான் நோட்டீஸோடு அழுதுகொண்டு வந்தார். வாரிசுகளிடம் முன்பணம் கொடுத்துவிட்டுப் போயிருந்தான் ஒரு தரகன். கடிதத்தை முழுவதும் படித்துச் சொல்ல எனக்கு ஐந்து நிமிடம்தான் ஆனது. எங்கள் அலுவலகத்தில் அந்த ஐந்து நிமிடத்துக்கு ஆள் ஒதுக்கும் வழக்கம் அன்றைக்கு இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். ஆகவே நோட்டீஸ் வரும்வரை காத்திருக்காதீர்கள். நாளைக்கே அஞ்சடியின் அந்தப் பகுதிக்குக் கயிறு கட்டுங்கள், தளர்ந்து தொங்குவதைப் பத்திரமாக இறக்குங்கள்.

இப்போது சிமெண்டு. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

விழுந்த துண்டின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளையாக, விரலில் மாவு போல ஒட்டினால் சுண்ணாம்புச் சாந்து. சாம்பல் நிறத்தில், முனை கூராக உடைந்திருந்தால் உங்களுக்கு முன்னாலேயே யாரோ கைவைத்துவிட்டார்கள். போருக்கு முன் கட்டிய செங்கல் சுவரின் அடியில் ஈரத்தைத் தடுக்கும் தகடு பெரும்பாலும் கிடையாது. நிலத்து ஈரம் சுவர் வழியாக ஏறும். சுண்ணாம்புச் சாந்து அதை வெளியே விட்டுவிடும், சுவர் மூச்சு விடுகிறது என்பார்கள் பழைய கொத்தனார்கள். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே நிற்கும், உப்பு சேரும், சில ஆண்டில் சிமெண்டு பலகை பலகையாகப் பெயரும். தனியாகப் பெயராது, செங்கல்லின் முகத்தையும் பிடுங்கிக்கொண்டு வரும். மழை தாங்கும் என்று விற்கும் பிளாஸ்டிக் வர்ணமும் அதே வேலையைத்தான் செய்யும். "சுண்ணாம்புதான் அண்ணே, பலத்துக்குக் கொஞ்சம் சிமெண்டு கலந்திருக்கேன்" என்பார் கான்ட்ராக்டர். அந்தக் "கொஞ்சம்" உங்களுக்கு வேண்டாம். ஒரு பங்கு ஊறிய சுண்ணாம்பு, மூன்று பங்கு கழுவிய மணல் என்று கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள். மேலே வர்ணத்துக்குப் பதில் சுண்ணாம்பு நீர், மெல்லிசாக நாலைந்து முறை. விலை கூடும், காயவும் நாள் ஆகும். தீபாவளிக்குள் முடித்துத் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள்.

பூசுவதற்கு முன் மேலே ஏறிப் பாருங்கள். முகப்புச் சாந்து தானாக விழுவது அரிது. பின்னால் ஓடு உடைந்திருக்கும், அல்லது தகரக் கால்வாய் அடைத்திருக்கும், அல்லது விரிசலில் அரசங்கன்று ஒன்று முளைத்திருக்கும். கன்றைப் பிடுங்க வேண்டாம், செங்கல் சேர்ந்து வரும். அறுத்துவிட்டு வெட்டுவாயில் மருந்து தடவுங்கள், வேர் செத்த பிறகு எடுக்கலாம். தண்ணீர் வரும் வழியை அடைக்காமல் எந்தச் சாந்து பூசினாலும் அடுத்த பருவமழைக்குத் தாங்காது.

கடைசியாக, நகராண்மைக் கழகத்தின் பெரிய காகிதம். உள்ளூர்த் திட்டம், மலாயில் ரன்சாங்கான் தெம்பாத்தான். எந்தச் சாலையில் எத்தனை மாடி, எது கடைவீதி, எந்த வரிசையின் முகப்பைக் காக்க வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் முடிவாகும். வரைவு தயாரானதும் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து எழுத்து மூலம் கருத்துக் கேட்பார்கள். மண்டபத்தில் மேசை போட்டு, வரைபடம் தொங்கவிட்டு, யாரும் வரவில்லை என்று மாலையில் சுருட்டிக்கொண்டு போவார்கள். நானே அப்படிச் சுருட்டியிருக்கிறேன். அந்த வரிசையில் உள்ள கடைக்காரர்கள் ஏழெட்டுப் பேர், சீனர், மலாய்க்காரர், நம்மவர் என்று பார்க்காமல் ஒன்றாகக் கையெழுத்துப் போட்டு, "எங்கள் வரிசையின் முகப்புகளைத் திட்டத்தில் சேர்க்கவும்" என்று கொடுத்தால் அதைப் பதிவில் ஏற்றியே ஆக வேண்டும். தனி ஒரு கடைக்காக எழுதினால் சொந்தக் காரியம் என்பார்கள், வரிசையாக எழுதினால் ஊர் விஷயம். அடுத்த திட்டம் எப்போது என்று திட்டமிடல் பிரிவில் கேட்டு வையுங்கள். இதற்கும் ஏஜெண்டு வேண்டியதில்லை, இது இலவசம்.

கடிதத்தோடு உங்கள் அப்பாவிடம் பழைய படம் இருந்தால் இணையுங்கள், அஞ்சடியும் முகப்பும் தெரியும் படமாக. விழுந்த பூவேலைத் துண்டுகளைக் குப்பையில் போட்டுவிடவில்லையே? பொடிப்பொடியாக இருந்தாலும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வையுங்கள். ஓர் இதழ் முழுசாகக் கிடைத்தாலே கொத்தனார் அதைப் பார்த்து அச்சு எடுத்துவிடுவார்.